பெட்ரோலில் சாராயம்

ஐப்பசி அடைமழையில் மரக்காணத்து உப்பு ஜாடிக்குள்ளேயே கசிந்து நீர்த்துவிடும் என்பதைக் கூனிமேட்டு வாசிகளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எத்தனால் என்னும் சாராயத்துக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. அதைத்தான் இன்று நம் ஸ்கூட்டர் பெட்ரோலுடன் நூற்றுக்கு 20 பங்கு பருகுகிறது. (மதுவிலக்குப் பேசுவோர் வாகனங்களை மன்னித்துவிட்டார்கள் போலும்!)

யோசனை புதிதன்று. 1948-லேயே இதற்கென ஒரு சட்டம் வந்தது, 2000-ல் ரத்தாயிற்று. 2003-ல் நூற்றுக்கு 5 என்று மீண்டும் தொடங்கி, 2022-ல் 10 ஆகி, 2025-ல் 20-ஐ எட்டியது. கச்சா எண்ணெயின் பெரும்பகுதியை அந்நிய நாடுகளிடம் வாங்கும் தேசத்துக்கு இது அவசியமே. விழுப்புரம் ஜில்லாக் கரும்பு விவசாயிக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைத்தால் நமக்கும் ஆனந்தந்தான்.

ஆனால், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் வெப்ப சக்தி பெட்ரோலினுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே வண்டி ஓடும் தூரம் சிறிது குறைந்தே தீரும். டாங்கியில் தண்ணீர் அதிகம் புகுந்தாலோ, சாராயம் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அதனுடன் அடியில் தங்கிவிடும். பிரேஸிலில் இரண்டு எரிபொருளிலும் ஓடும் வண்டிகள் அநேகம். ஜனங்கள் விலையைப் பார்த்து எது வேண்டுமோ அதை வாங்குகிறார்கள். நம் பக்கத்துப் பங்கிலோ சாதாரணப் பெட்ரோல் என்றால் கலப்புத்தான். அதற்காக விலை இறங்கவும் இல்லை. பாலில் தண்ணீர் கலந்தால் பால்காரரோடு மல்லுக்கு நிற்கும் நாம், ஓடும் தூரம் குறைந்ததற்குத் தக்கபடி விலையைக் குறையுங்கள் என்று சர்க்காரைக் கேட்கக் கூடாதா?