தோட்டத்துப் பக்கம்

திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் நகர். அங்கே குடியிருப்போர் நலச்சங்கம் போட்ட தீர்மானம் நாலு வரிதான். எல்லா வீட்டாரும் பின்பக்கத்துக் கம்பி வேலியை எடுத்துவிட்டு ஆறடி மதில் எழுப்ப வேண்டும். மதிலில் கதவு வைக்கக் கூடாது. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். காரணம், பெண்களின் பாதுகாப்பு.

தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட 31 பேரில் பெண்கள் இரண்டு பேர். இருவருமே கணவரை இழந்தவர்கள். சங்கத்தில் உறுப்பினராக வேண்டுமென்றால் மனைப் பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கடன் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. பத்திரத்தில் என் பெயர் இல்லை. அக்கம்பக்கத்திலும் இதே கதைதான். யாருடைய பாதுகாப்புக்காகத் தீர்மானம் போட்டார்களோ அவர்களுக்கு அதில் ஓட்டு இல்லை.

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் அம்மா வீட்டுத் தோட்டத்துக்குக் கிளுவை வேலி. நடுவில் ஒரு படல். ஆடு மாடு நுழையாது, ஆள் நுழையலாம். உறை மோர், முருங்கைக்கீரை, நூறு இருநூறு கைமாற்று எல்லாம் அந்த வழியாகத்தான் வந்துபோகும். வாசல் வழியாக வரும் பெண் திண்ணையில் இருக்கும் அப்பாவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். படலைத் தள்ளிக்கொண்டு வருகிறவள் அம்மாவிடம் சொன்னால் போதும். வாசல் ஆண்களுக்கு, புழக்கடை பெண்களுக்கு என்று பிரித்தது பெண்கள் இல்லை. ஆனால் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு வழியை வைத்துக்கொண்டார்கள்.

திண்டிவனத்திலும் கம்பி வேலியில் அப்படி ஓர் இடைவெளி உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, பின்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு அதன் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன்கதவைப் பூட்டிச் சாவியைக் கணவன் வைத்திருந்தான். அவள் அழுகிற சத்தம் எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கேட்டதும், "இந்தப் பக்கம் வாம்மா" என்று நான் கூப்பிட்டது அவள் காதில் விழுந்ததும், நடுவில் மதில் இல்லாததால்தான். 181-க்கு போன் போட்டோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 4ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தர உறவினராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரே தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது. அக்கம்பக்கத்தின் காதை நம்பி எழுதிய பிரிவு அது. ஆறடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதை எந்தக் காது கேட்கும்?

கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் காலனி. பாத்திரம் தேய்க்க, பிள்ளை பார்க்க அங்கிருந்து வரும் பெண்கள், மனை பிரிப்பதற்கு முன்பிருந்தே இருக்கும் ஒற்றையடிப் பாதையில் வருகிறார்கள். மதில் வந்தால் லாரி பறக்கிற நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கூட்டத்தில் "திருட்டு பயம்" என்று சொன்னவர்கள் எந்தத் திசையில் கை காட்டினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை உடைத்துப் பாதை திறக்க 2008 மே மாதம் ஆயிற்று. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று அதிகாலை, தலித் குடியிருப்பின்மீது பக்கத்து மனையின் சுற்றுச்சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டில் சுவரை வெறும் செங்கல்லாக மட்டும் பார்க்க முடியாது.

சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் துணைவிதி வகுக்கலாம். ஆனால் சங்கத் தீர்மானம் நாட்டின் சட்டம் ஆகிவிடாது. நம் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்' என்று ஒரு சொல் வரும். தன் வீட்டுக்குப் போய்வர, அடுத்தவர் நிலத்தில் 20 வருடம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு நடந்த பாதைக்கு 1882ஆம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டத்தின் 15ஆம் பிரிவு இடம் தருகிறது. காலனிப் பாதைக்கு அது பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்கக் காலனிப் பெண்களும் நாங்களும் சேர்ந்து போகிறோம்.

நாங்கள் ஒன்பது பேர் மனு எழுதினோம். மதில் கட்டுகிறவர்கள் கட்டட்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு வேண்டும். ஒற்றையடிப் பாதையை அடைக்கக் கூடாது. பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் வீட்டில் வாழும் பெண்ணுக்கு ஓட்டு வேண்டும். தலைவர் வாங்கிப் படித்தார். "உங்க வீட்டுக்காரரை வந்து பேசச் சொல்லுங்கம்மா" என்றார்.

வீட்டுக்காரரை அனுப்பப் போவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நாங்கள் ஒன்பது பேரும் போகிறோம். நாற்காலி போட மாட்டார்கள் என்று பின்வீட்டுப் பெண் சொல்கிறாள். எங்கள் வீட்டில் நாலு இருக்கிறது, மீதியை அவள் கொண்டுவருகிறாள்.