பாட்டை வரிசையாகக் கேளுங்கள்



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு இசை ஆல்பத்தை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கட்டளை: "ஐயா, நடுவுல தாண்டித் தாண்டிக் கேட்காதீங்க. முதல் பாட்டுல இருந்து வரிசையா கேளுங்க."

ஆல்பம், 'ருத்ரா' என்ற மெட்டல் குழுவினுடையது. 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய குழு இது. பாடுபவர், பேஸ் கிட்டார் வாசிப்பவர் இரண்டும் கதிரேசன் என்ற நம் தமிழர்தான். முதல் ஆல்பம் 1998இல் வந்தது. எனக்கு வந்தது 2005இல் வெளியான 'பிரம்மவித்யா'வின் முதல் பாகம். உபநிடதச் சிந்தனையை ஆதாரமாக வைத்தது. 2009இலும் 2011இலும் அடுத்த இரண்டு பாகங்களும் வந்துவிட்டன.

கேட்டேன். குரல் பாட்டு மாதிரி இல்லை, உறுமல். நடுநடுவே சமஸ்கிருத மந்திரம். சத்தம் என்னைப் பயமுறுத்தவில்லை. கல்யாணப் பந்தலில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய ஊர்க்காரன் நான்.

ஒரே கருத்தையோ கதையையோ முழுக்கச் சொல்லும் இதற்குக் 'கான்செப்ட் ஆல்பம்' என்று பெயராம். மெட்டலிலேயே உறுமல் இல்லாமல், ராகமாக உரக்கப் பாடும் வகையும் உண்டு. அது பவர் மெட்டல். இத்தாலியின் 'ராப்சடி' குழு 1997இல் தன் முதல் ஆல்பத்திலேயே ஒரு மந்திர வாளைத் தேடும் கதையைத் தொடங்கி, ஐந்தாவது ஆல்பத்தில், 2002இல்தான் முடித்தது. நடுவில் ஒரு பாட்டை மட்டும் கேட்டால் யார் எங்கே போகிறார்கள் என்றே புரியாது.

இதைப் படித்ததும் எனக்கு நம் கோபாலகிருஷ்ண பாரதியார் நினைவுக்கு வந்தார். நாகைப் பக்கம் நரிமணத்தில் பிறந்து, மாயூரம் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். அவருடைய 'நந்தனார் சரித்திரம்' ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கதை. சேக்கிழார் சொன்ன நந்தனார் கதையில் பண்ணையார் கிடையாது. வேதியர் என்ற நில உடைமையாளரைக் கொண்டுவந்தவர் பாரதியார். நந்தன் அவரிடம் பண்ணை வேலை செய்யும் ஆள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறார். நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். இருநூற்று அறுபது ஏக்கருக்கும் மேல்! நடவு தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நிபந்தனையின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

இன்று கச்சேரிகளில் இதிலிருந்து ஒன்றிரண்டு பாட்டுகள்தான் வருகின்றன. தில்லை எல்லையில் நின்று, அருகே வரலாமா என்று நந்தன் கேட்கும் பாட்டு மாஞ்சி ராகத்தில் மனதை உருக்கும். நாமும் "ஆகா" என்கிறோம். ஆனால் கேட்பவர் யார், ஏன் வெளியே நிற்கிறார், அதற்கு முன் எந்த வயலில் என்ன பாடுபட்டார் என்பதெல்லாம் கழன்று போய்விடுகிறது. ராகம் மிஞ்சுகிறது, அநியாயம் மறைந்துவிடுகிறது.

செல்போனில் பாட்டைத் தள்ளித் தள்ளிக் கேட்கிறார்கள் என்று பிள்ளைகளைக் குறை சொல்கிறோம். நந்தன் கதையை அப்படித் துண்டாக்கியது அவர்கள் இல்லை, நம் சபாக்கள்தான்.

தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ யாராவது நந்தனார் சரித்திரத்தை முழுசாக, வரிசையாக நடத்தினால் எனக்குச் சொல்லுங்கள். முன் வரிசையில் வந்து உட்காருகிறேன்.