மடியில் கனம்

கூடைக்குள் ஏதோ சுரண்டியது.

திருப்பாலைக்குடி நிறுத்தத்தில் ஏறிய அம்மாவுக்கு வயது எழுபதுக்குக் குறையாது. ஒரு கையில் ஒயர் கூடை, அதன் வாயை மூடி நனைத்த சாக்கு. மறு கை கம்பியைப் பிடித்திருந்தது. டிக்கெட்டுக்குக் காசு எடுக்க மூன்றாவது கை இல்லை. தொண்டியிலிருந்து வந்த பஸ்ஸில் நான் வழியோரத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். "குடுங்கம்மா, நான் வெச்சிருக்கேன்" என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கூடை மடிக்கு வந்துவிட்டது. பஸ் ஊரைத் தாண்டி தேவிபட்டினத்தை நோக்கி வேகமெடுத்த பிறகுதான் உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

"நண்டு தம்பி. ஒண்ணும் பண்ணாது. கொடுக்க ஒடிச்சிட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நியாயமாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும் போல, "ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எழுபது வயது அம்மாவை நிற்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாயே, எழுந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்கலாம். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது, முட்டி வலி என்று ஒரு பதிலை வைத்திருக்கிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், இடம் கொடுக்க மனசு வராதவன்தான் மடி கொடுக்கிறான். பையை வாங்கி வைத்துக்கொண்டதும் நிற்கிறவர் முகத்தை நேராகப் பார்க்கத் தெம்பு வந்துவிடுகிறது. பஸ்ஸில் இதைவிட மலிவான புண்ணியம் கிடையாது.

மலிவானதுதான். ஆனாலும் எனக்கு இதில் ஒரு ஆச்சரியம் தீரவே இல்லை. நம் பஸ்ஸில் எழுதாத புத்திமதி இல்லை. கரம் சிரம் புறம் நீட்டாதீர். படியில் பயணம் நொடியில் மரணம். சரியான சில்லறை கொடுக்கவும். புகை பிடிக்காதீர். போதாததற்கு டிரைவர் தலைக்குப் பின்னால் ஒரு குறள். அறுபதுகளின் கடைசியில் போக்குவரத்துத் துறை கலைஞரிடம் இருந்தபோது வந்த வழக்கம் அது. இவ்வளவு பலகைகளில் ஒன்றிலாவது 'நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்ளவும்' என்று உண்டா? கிடையாது. எழுதிப் போட்டதை எவனும் செய்வதில்லை. எழுதாத இந்த ஒன்றை மட்டும் எல்லாரும் செய்கிறோம்.

இதற்குச் சட்டதிட்டமும் இருக்கிறது. வாங்கிய பையைக் கீழே வைக்கக் கூடாது. உள்ளே என்ன என்று பார்க்கவோ கேட்கவோ கூடாது. சூடான தூக்குச்சட்டி தொடையைச் சுட்டாலும் முகத்தில் காட்டக் கூடாது. பைக்குச் சொந்தக்காரருக்கு முன்னால் நாம் இறங்க வேண்டியிருந்தால் பக்கத்து மடிக்கு மாற்றிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஒரு பை மூன்று மடி மாறிப் பயணம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்ட சொந்தக்காரர் அதைப் பற்றிக் கவலையே படாமல் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். காலை எட்டரை மணி பஸ்ஸில் பள்ளிக்கூடப் பைகள் தாடை வரைக்கும் ஏறும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஜன்னலில் ஈசிஆர் ரோடும் உப்பங்கழியும் ஒரு கோடாகத்தான் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பை என்ன எடை என்று கல்வி அதிகாரிகளைவிட பஸ்ஸில் போகிற கிழவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது இதற்கும் கேடு வந்திருக்கிறது. மடி காலியாகத்தான் இருக்கிறது, கண் காலியாக இல்லை. குனிந்து போனில் ரீல்ஸ் பார்க்கிறவனுக்கு எதிரே நிற்கிறவரின் கையில் பை இருப்பது எப்படித் தெரியும்? காதில் ஒன்றும் மாட்டாமல் ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்திருப்பான், அது வேறு. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அவன் உள்ளே வந்ததும் அந்தத் துண்டை எடுத்து உதறிவிட்டு யார் பையையாவது வாங்கிக்கொள்வான். போன்காரனை மன்னிக்க இன்னும் வயசாக வேண்டும் போலிருக்கிறது.

மடி என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் போட்டுக்கொள்வதும் மடி. பசுவுக்குப் பால் சுரப்பதும் மடி. காசை முடிந்து செருகும் வேட்டிச் சுருக்கும் மடி. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பதில் வருவது இந்த மடி. வள்ளுவரிடம் போனால் மடி என்றால் சோம்பல். அறுபத்தோராம் அதிகாரம் முழுக்க அதைத் திட்டியிருக்கிறார். இந்தக் கடற்கரையில் கேட்டால் வலையில் மீன் போய்ச் சேருகிற பை மடி. இரட்டைமடி, சுருக்குமடி என்று பேப்பரில் அடிக்கடி அடிபடுவதெல்லாம் இதுதான். சுருக்குமடிக்கு 2000-இல் தமிழக அரசு தடை போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போகலாம் என்றது. மடி ரொம்பப் பெரிதாகிவிட்டால் பக்கத்துக்காரனுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதுதான் சின்னப் படகுக்காரர்களின் வழக்கு. இன்னொரு மடியும் உண்டு. 'மடியாக இருக்கேன், மேலே பட்டுடாதே' என்கிற மடி. ஏந்திக்கொள்வதற்கும் எட்டி நில் என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படித்தான் இத்தனை காலம் குடும்பம் நடத்தினோமோ.

அந்த எட்டி நில் மடி பஸ்ஸிலும் ஏறியிருக்கிறது, இதே ஜில்லாவில். ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன்னால் பஸ்கள் எல்லாம் தனியார் கையில். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றமாட்டோம் என்று முதலாளிகள் வெளிப்படையாகவே சொன்ன காலம். அப்போது இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக வந்தார் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். முதலாளிகளுக்குச் சட்டென்று மனிதாபிமானம் பிறந்துவிட்டது. சென்னையில் பாண்டி பஜார் போய்ப் புடவை எடுக்கிறவர்கள் அது பாண்டிச்சேரிக்காரர் யாரோ போட்ட கடைவீதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாண்டி இவர்தான்.

உத்தரவால் இருக்கை கிடைத்தது. ஆனால் 1997-இல் விருதுநகர்ப் பக்கத்துப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். கலவரமாகி, உயிர் போய், கடைசியில் அரசாங்கம் எல்லாத் தலைவர்களின் பெயரையும் சேர்த்தே அழித்துவிட்டது. எங்கள் பக்கத்து மருதுபாண்டியரும் அப்படித்தான் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பெயரைப் பார்த்து ஏறமாட்டேன் என்றவனும், ஏறிவிட்டால், நிற்கிறவர் பையை ஜாதி கேட்காமல்தான் வாங்கியிருப்பான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்ன வயதில் நானே ஒருமுறை பையாக இருந்திருக்கிறேன்.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். நோஞ்சான் பிள்ளை. அம்மாவுக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. என்னைப் பொத்தென்று ஒரு தாத்தாவின் மடியில் வைத்துவிட்டாள். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை, காலடியில் பனை ஓலைப் பெட்டி. பிள்ளைக்கு மூன்று வயது முடிந்தால் அரை டிக்கெட் எடுக்க வேண்டிய காலம் அது. கண்டக்டர் வந்தார். "பிள்ளைக்கு இன்னும் மூணு முடியலைங்க" என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். கண்டக்டர் என்னைத்தான் பார்த்தார். காதில் செருகிய பென்சிலை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டி, "எத்தனாப்புடா படிக்கிற?" என்றார்.

ஒண்ணாப்பு என்று சொல்ல எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ஒரு துண்டு கருப்பட்டி விழுந்தது. தாத்தா எப்போது பெட்டியைத் திறந்தார், எப்போது உடைத்தார் என்று இன்றுவரை தெரியாது. என் வாய்க்குப் பெரிய துண்டு. கன்னம் புடைத்து, ஓரத்தில் எச்சில் வழிந்து, நான் "ம்ம்" என்றேன். "பச்சப் புள்ளகிட்டப் போயி என்னாத்தக் கேக்குறீக" என்றார் தாத்தா. கண்டக்டருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என்னையும் பார்த்து, கருப்பட்டியையும் பார்த்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கருப்பட்டி கரைய நேரமாயிற்று. அதில் கொஞ்சம் மண்ணும் ஒரு ஓலைச் சிம்பும் இருந்தன. 2022-இல் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் அம்மா அதை அரை நூற்றாண்டு முன்கூட்டியே அமல்படுத்தியிருந்தாள்.

கூடைக்கு வருகிறேன். அதிலிருந்து வாசம் வர ஆரம்பித்திருந்தது. நாற்றம் என்று எழுதலாம், ஆனால் இந்த ரூட்டில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். பாதி பஸ்ஸுக்கு வயிற்றுப்பாடே அதுதான். மோர்ப்பண்ணை, தேவிபட்டினம் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் கடல் ஏறும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த, ஊருக்குப் புதிது போன்ற இளைஞர் மட்டும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை, நாறுகிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்று அவர் ஆற்றாமையோடு நியாயம் கேட்டதை நாடே வீடியோவில் பார்த்தது. டிரைவர், கண்டக்டர், நேரக் காப்பாளர் மூவரும் சஸ்பெண்ட் ஆனார்கள். முதலமைச்சர் வரைக்கும் கண்டித்தார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாத பயணம் வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த வீடியோவைப் பார்த்த அன்று எனக்கு நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாட்டு ஞாபகம் வந்தது. எழுதியவர் பெயர் தெரியாத பாட்டு. தேர் வைத்திருக்கிற பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் கடற்கரைக் குடியிருப்புக்கு வந்து பரதவர் பெண்ணைச் சுற்றுகிறான். அவளும் தோழியும் சுறாத் துண்டங்களைக் காயப்போட்டுவிட்டுப் பறவை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தோழி பேசுகிறாள். இவள் மீன் பிடிக்கிறவர் மகள், நீ கொடி பறக்கிற கடைவீதி ஊர்க்காரன் மகன் என்று ஆரம்பித்து, எங்கள் மேல் புலால் நாறும், கொஞ்சம் தள்ளியே நில் என்கிறாள். நாற்றத்தைச் சொல்லித் தள்ளி நிற்கச் சொல்வது யார், யாரை என்று பாருங்கள். தேர்க்காரன் மூக்கைப் பொத்தவில்லை. அவள்தான் அவனை இறக்கிவிடுகிறாள். கடல் தருவதை வைத்து நடக்கிற சின்ன வாழ்க்கை எங்களுடையது, உன் வாழ்க்கையோடு ஒட்டாது என்று சொல்லிவிட்டு, எங்கள் ஆட்களிலும் உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்று முடிக்கிறாள். எத்தனை முறை படித்தாலும் அந்தக் கடைசி அடியில் ஒரு நிமிர்வு இருக்கிறது. தூது, ஊடல், நாடகம் என்று உரைகாரர்கள் விளக்கலாம். எனக்கு அது பஸ் ஸ்டாண்டில் கேட்கிற குரலாகத்தான் கேட்கிறது.

கண்டக்டர் வந்தார். இப்போது காதில் பென்சில் இல்லை, கழுத்தில் மிஷின். அந்த அம்மா இடுப்பிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் கீழே பார்த்தார். கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் செருப்பைச் சுற்றிக் குளம் கட்டியிருந்தது.

"கூடைக்கு லக்கேஜ் போடணுமே. யாருது?"

அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"என்னுதுதான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. என்னுடையதானாலும் லக்கேஜ் லக்கேஜ்தானே, அது மண்டையில் ஏறவில்லை.

கண்டக்டர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். மடிப்புக் கலையாத வேட்டியைப் பார்த்தார். கூடை அந்த நேரம் பார்த்துச் சுரண்டியது. "சாருக்கு நண்டு யாவாரமா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "மகளுக்குக் கொண்டுபோறேன்" என்று நான் முனகினேன். எனக்கு மகளே கிடையாது. அவர் மிஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "டிக்கெட், டிக்கெட்" என்று முன்னால் போய்விட்டார்.

இராமநாதபுரத்தில் அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டார். நன்றி கின்றி ஒன்றும் இல்லை. "வாரேன் தம்பி" என்றார். இரண்டு படி இறங்கியவர் திரும்பி, "நெசமாவே மகளுக்குத்தான் கொண்டுபோறேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மூக்கை உறிஞ்சினாள். வேட்டியின் ஈரத்தைப் பார்த்தாள். என் இரண்டு கையையும் பார்த்தாள்.

"வாசம் வருது. நண்டு எங்க?"