மணல்மேட்டுச் சவாரி

விழா மலர்க் குழுவினர், "நீயும் ஏதாவது எழுதித் தரவேண்டும்" என்று பணித்தபோது, இலக்கியக் கட்டுரை ஒன்றனை வரைந்து கொடுத்துத் தப்பிக்கொள்ளலாமென்றே முதலில் எண்ணினேன். தமிழாசிரியனிடம் பிறர் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆயினும், இவ்விழாவையொட்டி எங்கள் வகுப்பு நண்பர்கள் வகுத்த பயணத் திட்டமொன்றும், அது பட்ட பாடும் சில மாதங்களாக என் மனத்தைவிட்டு அகலாமையால், அதனையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

திட்டத்தைத் தொடக்கியவன் கத்தாரிற் சாரதியாக இருக்கும் நண்பன். அந்நாட்டிலே மெசாயீது நகருக்குத் தெற்கே, கடல்நீர் பாலைக்குள் நுழைந்து நிற்கும் கோர் அல் உதெய்து என்னும் இடம் உண்டு. அங்குள்ள மணற்குன்றுகளில் வண்டியேறி இறங்குவது விடுமுறை நாட் பொழுதுபோக்கு. அதன் ஒளிப்படங்களை அவன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இட்டு, "நம்மட மாங்கேணியிலும் மணல் கிடக்குதுதானே மச்சான், விழாவுக்கு வரக்குள்ள நாமளும் ஓடுவம்" என்று எழுதினான். கனடாவிலுள்ளவனும் இலண்டனிலுள்ளவனும் அக்கணமே ஒப்பினர். பன்னிருவர், நான்கு வண்டிகள், ஆவணி விடுமுறையில் ஒரு நாள் என முடிவாயிற்று. மட்டக்களப்பு–திருகோணமலை வீதியிலே காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடைப்பட்ட அவ்வூரில் நான் குடியிருப்பதனால், ஏற்பாடுகள் யாவும் என் தலையிற் பொறிந்தன.

மிதிவண்டியன்றி வேறொன்றும் ஓட்டியறியாத எனக்குக் கத்தார் நண்பன் தொலைபேசி வழியே பாடம் நடத்தினான். மாணவனாய் இருந்த காலத்தில் யாப்பிலக்கணத்தை என்னிடம் கேட்டுப் படித்தவன், இப்போது ஆசானாகினான். தார் வீதியில் முப்பது இறாத்தலுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கும் சில்லின் காற்றை, மணலில் இறங்குமுன் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். அப்போது சில்லு தட்டையாகப் படிந்து, பாரத்தை அகலமாகப் பரப்பி, புதையாமற் செல்லும். மேட்டிலே நேராக ஏறி நேராக இறங்கல் வேண்டும். சரிவின் குறுக்கே ஓட்டினால் வண்டி புரளும். காற்று வரும் பக்கம் சாய்வாகவும், காற்று மறையும் பக்கம் செங்குத்தாகவும் இருக்குமாதலால், உச்சியை எட்டியதும் அப்பாற் பாராது பாய்தல் ஆகாது. தனி வண்டியாகச் செல்லலாகாது. கயிறும் மண்வெட்டியும் உடன் இருத்தல் வேண்டும். வெயில் ஏறுமுன், இரவின் ஈரம் மணலில் உள்ளபோதே ஓட்டல் நன்று. இவையனைத்தையும் பயிற்சிக் கலாசாலையில் விரிவுரைக் குறிப்பெழுதிய அதே ஒழுங்கோடு கொப்பியில் எழுதிக்கொண்டேன். காற்றழுத்தமானி ஒன்றனையும் ஊர்வந்த ஒருவர் கையில் அவன் கொடுத்தனுப்பினான்.

நிற்க. மேடுகளின் உயரத்தை அளந்து சொல்லும்படி அவன் கேட்டமையால், ஒரு மாலைப்பொழுது கயிறும் தடியுமாகக் கரைக்குச் சென்றேன். ஓராள் உயரமும் அதற்குமேல் அரைப்பங்கும் என்று எழுதியனுப்ப, "இது மேடில்ல மச்சான், படுக்கை" என்று எள்ளினான். அவன் எள்ளியது ஒருவகையில் உண்மையே. ஆனால் அன்று அம்மேட்டின்மேல் அமர்ந்திருந்தபோதுதான், கத்தாரின் குன்றும் எங்கள் பிட்டியும் ஒரே பொருளல்ல என்பது எனக்குப் புலனாயிற்று. அங்குள்ள குன்று காற்று ஒன்றினாலேயே ஆனது, புல்லும் பூண்டும் அற்றது, நகர்ந்துகொண்டே இருப்பது. சில்லுத் தடத்தை மறுநாட் காற்று அழித்துவிடும். எங்கள் பிட்டியோ செடிகளாற் கட்டப்பட்டது. வாடைக்காற்று கடற்பக்கமிருந்து கொணரும் மணலை அடம்பன்கொடியும் இராவணன்மீசையும் மறித்துப் பிடிக்கின்றன. மணல் மூடமூட அவை கணுக்கள்தோறும் வேர்விட்டு மேலெழுகின்றன. மேடும் உடன் எழுகின்றது. இராவணன்மீசையின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டோட, அவற்றைத் துரத்தித் திரியாத சிறுவர் எங்கள் கரையில் இலர். அவ்வுருண்டை உருண்டுபோய்த் தங்குமிடத்திற் புதுக்கொடி பிறக்கும். இக்கொடிகளை ஒருமுறை அறுத்துவிட்டால், அவ்வறுவாயின் வழியே கச்சான் காற்று வறண்ட மணலை நாள்தோறும் வாரிச் செல்லும்.

இதனை நான் நூலிற் கற்றேன் அல்லேன். நான் அமர்ந்திருந்த மேட்டின் வடபுறத்தே அத்தகைய வெட்டு ஒன்று உண்டு. அதனை வெட்டியவர்களுள் நானும் ஒருவன்.

1997ஆம் ஆண்டு, எனக்குப் பதினேழு வயது. கோயில் திருவிழாவுக்கு வீதியில் மணல் பரப்பவேண்டுமெனப் பெரியவர்கள் கேட்க, நால்வர் ஒரு லாண்ட்மாஸ்டரை இரவல் வாங்கிக்கொண்டு சென்றோம். சுற்றிப்போகச் சோம்பி, மேட்டின்மேலேயே பாதை பிடித்தோம். ஆறு பெட்டி மணல் ஏற்றினோம். பணி முடிந்தபின்னும் வண்டியைத் திருப்பிக் கொடுக்க மனமின்றி, பொழுதுசாயும்வரை அம்மேட்டிலே ஏறியிறங்கிக் கூச்சலிட்டு மகிழ்ந்தோம். நாற்சில்லு வண்டிச் சவாரி எங்களுக்குப் புதிதென்று கத்தார் நண்பன் கருதினால், அவன் மறந்துவிட்டான் என்பதே பொருள். அந்நால்வருள் அவனும் ஒருவன். அதன்பின் வலைகாரரும் தோணி எஞ்சின் சுமப்போரும் அவ்வழியே நடந்தனர். ஆண்டுதோறும் கச்சான் அதனை அகலித்தது. யாரும் குறையாகச் சொல்லவில்லை. நல்ல வழியென்றே சொன்னார்கள்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி காலை கடல் அவ்வழியாலே வந்தது. மேடு முழுதாக நின்ற பக்கத்திலும் நீர் ஏறாமலில்லை. ஆனால் ஏறித் தணிந்து, முழங்கால் மட்டாகப் பரந்தது. வெட்டின் நேரே அது ஆறுபோற் பாய்ந்தது. அவ்வாற்றின் முகத்தில் இருந்தது என் சின்னம்மாவின் வீடு. அவரை மறுநாள் நண்பகலில் முந்திரிகை மரங்களிடையே கண்டெடுத்தோம். இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அந்நாளில், ஒரு வெட்டையும் ஓர் உயிரையும் இணைத்துப் பேசுதல் தகுமோ என்று பலகாலும் என்னையே கேட்டிருக்கின்றேன். வெட்டு இல்லாதிருந்தாலும் நீர் வந்திருக்கலாம். எனினும், தெற்கே யால வனப்பகுதியில் உயர்ந்த மணல்மேடுகளின் பின்புறம் தப்பியதையும், கடற்காட்சிக்காக மேடு தாழ்த்தப்பட்டிருந்த விடுதியொன்றனுள் அலை புகுந்ததையும் ஆய்வாளர் பின்னர் எழுதியதைப் படித்தபோது, அந்த ஐயத்தின் நிழலில் ஒதுங்கிநிற்க என்னால் முடியவில்லை.

இவ்வளவும் அறிந்தும் நான் கொப்பியில் வண்டி வாடகையை எழுதிக்கொண்டிருந்தேன் என்பதே வெட்கத்துக்குரியது. நண்பர்களின் உற்சாகத்தைக் கெடுக்கலாகாதென்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கயிறும் தடியுமாக வீடு திரும்பிய அன்றிரவு, சோறு இட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "எந்த இடத்தால ஏறப் போறீங்க மகன்?" வேறொன்றும் அவர் கேட்கவில்லை. நானும் விடை சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் நெய்தற்றிணை. நற்றிணையின் பதினோராம் பாட்டை உலோச்சனார் பாடியிருக்கின்றார். தலைவனின் தேர் நிலவொளியில் மணற்கரையில் வருகின்றது. சில்லினருகே ஊரும் நண்டுகளுக்கு ஊறுநேராவண்ணம் பாகன் கடிவாளத்தை ஆராய்ந்து பிடித்து ஓட்டுகின்றான். காதலியைக் காண விரையும் தேருக்கும் அத்துணைப் பொறுமை! இருபது ஆண்டுகளாக இப்பாட்டைக் கற்பிக்கின்றேன். அன்று பாதியில் நிறுத்தி மாணவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிவிட்டுச் சாளரத்தருகே நின்றேன்.

அன்று மாலையே குழுவிற் குரற்பதிவொன்று இட்டேன். கடற்கரையிலிருந்து முந்நூறு மீற்றர் வரையுள்ள நிலத்தை 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தன் எல்லைக்குள் வைத்திருப்பதையும், உலகின் ஏழுவகைக் கடலாமைகளுள் ஐவகை நம் நாட்டுக் கரைகளில் முட்டையிடுவதையும் முதலிற் சொன்னேன். அவை மெய்யாயினும் நான் சொல்ல விரும்பியவை அவையல்ல. இறுதியிலேதான் ஆறு பெட்டி மணலைச் சொன்னேன், சின்னம்மாவைச் சொன்னேன்.

இரண்டு நாள் எவரும் ஒன்றும் எழுதவில்லை. கனடா நண்பன் பயணச்சீட்டு எடுத்துவிட்டதாக வருந்தினான். மூன்றாம் நாள் நள்ளிரவிற் கத்தாரிலிருந்து அழைப்பு வந்தது. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த ஆறு பெட்டியில மூணு நான் ஓட்டினது" என்றான். பின்னர், "அந்த வெட்ட மூடேலாதா?" என்று கேட்டான்.

மூடலாம், மண்வெட்டியால் அன்று. மறிப்புக்குக் கிடுகு வேலி அடைத்து, இராவணன்மீசையையும் அடம்பன்கொடியையும் கணுவோடு வெட்டி நட்டு, மணலைக் காற்றே கொணரும்படி விடுதல் வேண்டும். ஆவணி வெயிலில் நட்டாற் கருகும். ஆகவே பயணம் ஐப்பசி மழைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றது. இலண்டன் நண்பனுக்கு அப்போது விடுப்பு இல்லையாம். கிடுகுக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னான். கனடா நண்பன் இன்னும் சற்று மனத்தாங்கலுடன் இருக்கின்றான்; ஆயினும் சீட்டை மாற்றிவிட்டான். வண்டி வாடகைக்குக் கொடுத்த முற்பணத்திற் பாதி திரும்பிவந்தது. வலைகாரருக்கு வேறு வழி விடுவது பற்றி அவர்களோடு பேசவேண்டியிருக்கின்றது. அதுவே எல்லாவற்றிலும் கடினமான வேலை.

காற்றழுத்தமானி என் மேசை இழுப்பறையிற் கிடக்கின்றது. அடுத்த ஆண்டு கத்தாருக்கு வரும்போது அதனைக் கையோடு கொண்டுவரும்படி நண்பன் சொல்லியிருக்கின்றான். நான் இன்னும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கவில்லை.