ஆலை மூடிய பின்

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் மைசூருக்குப் பலமுறை சென்றிருப்பார்கள். அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பிருந்தாவனத்தையும் கண்டு களித்துத் திரும்பியிருப்பார்கள். ஆனால் மைசூர்ப் புகைவண்டி நிலையத்திற்கு அப்பால், யாதவகிரி என்னும் பகுதியில், ஒரு காலத்தில் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் ஆலை ஒன்று இயங்கிவந்ததை அவர்களுள் எத்தனை பேர் அறிவார்களோ! செக்கோஸ்லோவாக்கிய நாட்டு ஜாவா நிறுவனத்தின் உரிமம் பெற்று, 1960-களின் தொடக்கத்தில் ஐடியல் ஜாவா என்ற பெயரில் நிறுவப்பெற்ற ஆலை அது. முதலில் ஜாவா என்றும், 1970-களிலிருந்து யெஸ்டி என்றும் பெயர் தாங்கிய வண்டிகள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. 1996-ஆம் ஆண்டு அதன் கதவுகள் அடைக்கப்பட்டன.

ஒரு பொருளைச் செய்த ஆலை மறைந்துவிட்டால், அப்பொருள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும். நற்பேறு இருந்தால் யாரேனும் ஒரு செல்வரின் கூடத்தில் காட்சிப் பொருளாக நிற்கும். இந்நாளில் சில உணவகங்கள் பழைய வண்டிகளைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதையும் காண்கிறேன். பாடம் செய்து மாட்டிய மான் தலையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது எனக்கு. ஆனால் யாதவகிரியில் பிறந்த வண்டிகள் பல, ஆலை மூடிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், மலையேறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 2018-ல் ஜாவா என்ற பெயரும், 2022-ல் யெஸ்டி என்ற பெயரும் புதிய வண்டிகளில் மீண்டும் வந்தன என்பது உண்மையே. எனினும் அவை வேறு வகை இயந்திரங்கள். அவற்றின் உறுப்புகள் எங்கள் வண்டிகளுக்குப் பொருந்தா. பழையவற்றை வாழ வைப்பவர்கள் அவற்றை ஓட்டுபவர்களே.

எங்கள் வீட்டு வண்டி 1974-ஆம் ஆண்டில் என் தந்தையார் வாங்கியது. 1958-ல் குடியாத்தத்திலிருந்து பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்து, ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் லேத்து வேலை பார்த்தவர் அவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேருந்து நெரிசலில் சிக்க மனமின்றி, கோலார், முல்பாகல், பலமனேர் வழியாக அந்த வண்டியிலேயே எங்களை ஊருக்கு அழைத்துச் செல்வார். தொட்டியின்மேல் நான், பின்னிருக்கையில் அம்மா, அம்மாவின் மடியில் தங்கை. இன்று நினைத்தால் அச்சமாக இருக்கிறது. அன்று எல்லாக் குடும்பங்களும் அப்படித்தான் போயின. பலமனேரைக் கடந்து மலைப்பாதையில் இறங்கும்போது, அப்பா இடையிடையே கிளட்சைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தை ஒருமுறை உறும விடுவார். காண்பவர்க்கு அது விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. இவ்வண்டிகள் டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய் தனியே ஓடுவதில்லை; பெட்ரோலுடன் கலந்தே வருகிறது. இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது பழைய கணக்கு. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதும் மூடிவிட்டால் பெட்ரோல் நின்றுவிடும்; அதனுடன் எண்ணெயும் நின்றுவிடும்; சக்கரம் மட்டும் இயந்திரத்தை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். வறண்ட பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. அந்த ஓர் உறுமல், வறண்ட தொண்டைக்கு ஒரு மிடறு தண்ணீர் போன்றது.

இயந்திரத்தின் அமைப்போ எளிமையானது. வால்வுகள் இல்லை, பிஸ்டன், இணைப்புத் தண்டு, கிராங்க் ஆகிய மூன்றே முக்கியமாக அசையும் உறுப்புகள். உதைத்துக் கிளப்புவதற்கும் கியர் மாற்றுவதற்கும் இடப்பக்கம் ஒரே நெம்புகோல். உள்நோக்கி அழுத்தித் திருப்பினால் அது உதைகோல், மீண்டும் திருப்பினால் கியர். புதிதாகப் பார்ப்பவர்கள் இதனைக் கண்டு வியப்பதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

எளிமையானதே ஆயினும், அதன் நோய் அறிவது ஒரு கலை. அக்கலையில் எங்களுக்கு ஆசானாக விளங்கியவர், சிவாஜி நகரில் ரஸல் சந்தைக்குப் பின்புறமுள்ள ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த பெரியவர். பாய் என்றே அனைவரும் அழைப்போம். ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழ் அவருடையது. வண்டியைக் கொண்டு நிறுத்தியதும் ஸ்பேனரை எடுக்க மாட்டார். ஒரு தேநீர் வரவழைப்பார். இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பொறுமையிழந்து நாம் ஏதேனும் சொன்னால், “அவசரப்பட்டுக் கழட்டாதீங்க சார். எங்கே நோவுன்னு வண்டியே சொல்லும். நாம காது குடுக்கணும், அவ்வளவுதான்” என்பார்.

அவர் கற்பித்தவற்றுள் சிலவற்றை இங்குக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. புகை வழக்கத்தைவிட வெண்மையாகவும் மிகுதியாகவும் வந்து, கியர்ப் பெட்டியில் எண்ணெயும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்துவிட்டது. இயந்திரம் அந்த எண்ணெயை உறிஞ்சிக் குடிக்கிறது. மாறாக, ஆக்சிலேட்டரைத் தொடாமலே இயந்திரம் தானாக விரைந்து ஓடினால், டைனமோ பக்கத்துச் சீல் வழியாகக் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள ரப்பர் வளையங்கள். ஆனால் அவை காட்டும் குணமோ நேர்மாறு. வண்டி இழுவை குன்றி மூச்சுத் திணறினால் கார்புரேட்டரில் கை வைக்குமுன் சைலன்சரைக் கழற்று என்பார். உள்ளே இருக்கும் தடுப்புக் குழலில் கரி அடைத்திருக்கும். அதனைக் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஓர் இரவு ஊறப்போட வேண்டும். ஆனால் அலுமினிய உறுப்பு எதுவும் அந்நீரைத் தொடக்கூடாது, தின்றுவிடும். டைமிங் வைக்கும்போது பாயிண்டின் இரு முனைகளுக்கிடையே சிகரெட் சுற்றும் மெல்லிய தாளைச் செருகி, அதனை இலேசாக இழுத்தபடி இயந்திரத்தைக் கையால் திருப்புவார். தாள் நழுவி வரும் கணமே முனைகள் பிரியும் கணம். அப்போது பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதைப் பிளக் துளைவழியே அளந்துகொள்வார். விலையுயர்ந்த கருவிகள் செய்யும் வேலையை ஒரு துண்டுத் தாள் செய்தது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவது வழக்கம். வங்கி ஊழியர் ஒருவர், குடகு நாட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் என்று பலதிறத்தார். ஒருவர் கன்னடத்தில் தொடங்கிய வாக்கியத்தை மற்றொருவர் தமிழில் முடிப்பார். வாதங்களுக்கும் குறைவில்லை. ஆறு வோல்ட் மின்சாரத்தைப் பன்னிரண்டாக மாற்றலாமா, பாயிண்டை அகற்றிவிட்டு மின்னணுப் பற்றவைப்பைப் பொருத்தலாமா என்பது தீராத வழக்கு. ஆலையிலிருந்து வந்தபோது இருந்த திருகுகூட மாறக்கூடாது என்பார் ஒரு சாரார். இரவில் சாலை தெரியாமல் விழுந்தபின் மூலவடிவத்தை வைத்து என் செய்வது என்பார் மறுசாரார். என் கருத்து இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பின்னாளில் ஒருவன் விரும்பினால் பழையபடி மாற்றிக்கொள்ளத்தக்க மாறுதல் எதுவாயினும் செய்யலாம். சட்டத்தை அறுக்கும் மாறுதலைச் செய்யலாகாது. வண்டி நமக்குப் பின்னும் இருக்கப்போகிறது அல்லவா?

1994-ல் நாங்கள் ஐவர் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைந்தபோது நடுப்பகல். மேலே செல்ல எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதாவது வளைவை ஒட்டி, குடகு நண்பரின் யெஸ்டி ஒருமுறை கீச்சிட்டு நின்றுவிட்டது. பிஸ்டன் பற்றிக்கொண்டது. அரைமணி நேரம் ஆறவிட்டோம். பிறகு தொட்டியை இறக்கி, சிலிண்டரைக் கழற்றினோம். பிஸ்டனின் ஒரு பக்கத்தில் கீறல். மேல் வளையம் காடியில் ஒட்டிக்கிடந்தது. வங்கி நண்பர் நுண்ணிய உப்புத்தாளால் கீறலைத் தேய்த்து வழவழப்பாக்கினார். நான் வளையத்தைப் பக்குவமாக விடுவித்தேன். நோய்க்கு முதல் எதுவென்று தேடியவர் படைவீரர். கார்புரேட்டரின் ஜெட் துளையில், தொட்டியின் துருத்துகள் ஒன்று அடைத்திருந்தது. போதிய பெட்ரோலும் எண்ணெயும் சேராமல் இயந்திரம் காய்ந்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்த ஒருவர் முனைந்தபோது, “பாய் என்ன சொல்லியிருக்காரு? குத்தாதே, ஊது!” என்று நால்வரும் ஒரே குரலில் கூவினோம். கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு அளவு என்றென்றைக்கும் கெடும்.

இனி ஒரே ஒரு குறை. சிலிண்டரின் அடியில் வைக்கும் பேக்கிங் கிழிந்துவிட்டது. மாற்று எவரிடமும் இல்லை. என் பையில் சேலத்தில் கொடுக்க வேண்டிய, என் தங்கையின் திருமண அழைப்பிதழ் ஒன்று இருந்தது. நல்ல கெட்டித் தாள். சிலிண்டரின் அடிப்பாகத்தை அதன்மேல் அழுத்தி, பதிந்த தடத்தை ஒட்டிப் பேனாக்கத்தியால் வெட்டி, கிரீஸ் தடவிப் பொருத்தினோம். முகூர்த்த நேரம் அச்சிட்ட பகுதி வெளியே சிறிது நீட்டிக்கொண்டு நின்றது. ஓர் அம்பினால் ஐந்து உயிர்களை வீழ்த்தியவன் என்று புறநானூறு போற்றும் வல்வில் ஓரியின் மலை அது. ஒரு வண்டியை மேலேற்ற எங்களுக்கோ ஐந்து பேர் வேண்டியிருந்தது. அந்தப் பேக்கிங்கோடு வண்டி பெங்களூர் வந்து சேர்ந்தது. திருமணத்திற்குக் குடகு நண்பரும் வந்திருந்தார். அழைப்பிதழை எஞ்சினில் வைத்திருப்பவர் என்றே உறவினர்களிடம் அவரை அறிமுகப்படுத்தினோம்.

ஆலை மூடியபோது, உதிரி உறுப்புகள் கிடைக்காமற்போகும் என்றுதான் அஞ்சினோம். அந்த அச்சம் பெரும்பாலும் பொய்த்தது. சிறு பட்டறைகளில் பிஸ்டனும் சீலும் கம்பிகளும் இன்றும் செய்கிறார்கள். தரம் ஏறவும் இறங்கவும் இருக்கும், தேர்ந்து வாங்க வேண்டும், அவ்வளவே. குறைந்துவருவது வேறு. கிராங்க் என்பது அழுத்திப் பொருத்தப்பட்ட பல துண்டுகளால் ஆனது. அதன் பேரிங் தேய்ந்தால், அழுத்தப் பொறியில் வைத்துப் பிரித்து, புதியது இட்டு, மீண்டும் சேர்த்து, சுழலவிட்டு, மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகூடக் கோணாதபடி செம்புச் சுத்தியால் தட்டி நேர்ப்படுத்த வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு வலுவாகத் தட்டுவது என்பது கைக்குத்தான் தெரியும். பாய்க்குத் தெரிந்திருந்தது. 2016-ல் அவர் மறைந்தார். அவருடைய மகனார் கைப்பேசிக் கடை நடத்துகிறார். தந்தையின் கருவிகளை விலைக்கு விற்க அவருக்கு மனமில்லை. ஒரு மாலை எங்களை அழைத்து, “அப்பாவோட சாமான், நீங்களே வெச்சுக்குங்க அங்கிள்” என்று ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டார். டைனமோவைக் கழற்றும் இழுப்பான், கிளட்ச் சுருளை அமுக்கும் தகடு, கைப்பிடி தேய்ந்து பளபளத்த செம்புச் சுத்தி. எது யார் வீட்டில் இருக்கிறது என்பதைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம்.

சுத்தி மூன்றாண்டுகள் எவர் பெயரிலும் பதிவாகாமலே கிடந்தது. 2019-ல், தம் தாத்தாவின் ரோட்கிங் வண்டியுடன் ஓர் இளம்பெண் ஏரிக்கரைக்கு வந்தார். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்தவர்; கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். தாத்தா சொன்னதாக அவர் சொன்னவற்றில் பாதி, பாய் எங்களுக்குச் சொன்னவை. பழைய கிராங்க் ஒன்றை விலைக்கு வாங்கி, பயன்பாட்டிற்கு ஆகாத அதனைப் பிரிப்பதும் சேர்ப்பதுமாக ஓராண்டு பழகினார். முதல் ஆறு மாதங்களில் ஒருமுறைகூட நேராக வரவில்லை. பழகிய பின்னரே தம் வண்டியின் கிராங்கில் கை வைத்தார். அது இப்போது ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற மாதம் என் தந்தையாரின் வண்டியில் அடியிலிருந்து ஒரு தட்டொலி கேட்கத் தொடங்கியது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சுத்தி அவர் பெயரில் இருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். “உடனே கழட்டிடாதீங்க அங்கிள், ஞாயித்துக்கிழமை வண்டிய ஓடவிட்டுக் கேட்டுப் பாத்துடலாம்” என்றார்.