பட்டமும் பட்டறிவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் கல்லூரியை விட்டு வெளியே வரும் எந்த இளைஞனும் தன் கையில் இருப்பது ஏட்டுச் சுரைக்காய் என்று நம்புவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மூத்த ஊழியர்கள் எல்லாம் அவன் கண்ணுக்குப் பழைய பஞ்சாங்கமாகத் தெரிகிறார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் இதைப் புரிந்துகொள்ளச் சர்க்கரை ஆலையைவிட நல்ல இடம் இல்லை. மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் ஒன்று என்று இரண்டு கூட்டுறவு ஆலைகள் உண்டு. சர்க்கரை ஆலையில் பாகு கொதித்துக் குருணையாக மாறும் கொப்பரையைப் பார்த்துக்கொள்பவரை 'பான்மேன்' என்பார்கள். அவர் கொஞ்சம் பாகை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி வெளிச்சத்தில் பார்ப்பார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்ப்பார். கம்பி எப்படி வருகிறது என்பதிலேயே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

புதிய பட்டதாரிக்கு இது வேடிக்கையாக இருக்கும். கருவி இருக்கும்போது விரல் எதற்கு? அவன் படித்ததில் தவறில்லை. ஆனால் வெட்டிய கரும்பு லாரியில் எத்தனை மணி நேரம் காத்துக் கிடந்தது, மண்ணும் தோகையும் எவ்வளவு கலந்தன என்பதைப் பொறுத்துப் பாகின் குணம் மாறும். பாகு அளவுக்கு மீறி இறுகினால் நல்ல குருணைக்கு நடுவே வேண்டாத பொடிக் குருணை முளைத்துவிடும். அப்புறம் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டியதுதான். நீராவியும் வீண், நேரமும் வீண். ஆலைக்கு வரும் நஷ்டம் கடைசியில் கரும்புப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயி தலையில்தான் விடியும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் என்ற இரு உளவியலாளர்கள் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, "நீ எந்த இடத்தில் இருப்பாய்?" என்று கேட்டார்கள். கடைசிக் கால்வாசியில் இருந்தவர்கள் உண்மையில் 100 பேரில் சுமார் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். அவர்கள் நினைத்ததோ 62 பேரை! தர்க்கத்தில் கொஞ்சம் பயிற்சி கொடுத்ததும் தங்கள் குறையைத் தாங்களே கண்டுகொண்டார்கள். ஆக, இதில் பாதி திமிர் அல்ல, தெரியாமை.

மீதிப் பாதி? கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அங்கிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளை பெரும்பாலும் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் குடும்பமே கொண்டாடிய பட்டத்துக்கு இழுக்கு வந்துவிடுமோ என்ற பயம். வெளியே தலைக்கனமாகத் தெரிவது பல நேரம் இந்தப் பயம்தான்.

பெரியவர்கள் மீதும் தவறு உண்டு. "முப்பது வருஷமா பாக்குறேன், எனக்கே சொல்றியா?" என்ற ஒரு வார்த்தை போதும், அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது. பாகு ஏன் இறுகுகிறது என்று பட்டதாரிக்குத் தெரியும். எப்போது இறுகும் என்று பான்மேனுக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்காமல் அவர் ஓய்வு பெற்றுப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும்.

முதல் நாளே, "அண்ணே, இதைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்று கேட்பதால் எந்தப் பட்டமும் குறைந்துவிடாது. உண்மையில் படிப்பு பயன்படத் தொடங்குவதே அங்கேதான்!