நிலம்பூர்த் தேக்கும் இளமரக் கணக்கும்

நிலம்பூருக்குப் போகும் பிரயாணிகள் முதலில் தேடுவது, சாலியாற்றங்கரையில் 1846-ல் நட்ட கனோலித் தோட்டத்தைத்தான். கோயில் மண்டபத்துத் தூண்கள் போல் அங்கே தேக்கு மரங்கள் நிற்கின்றன. அந்நாளில் மலபார் சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஒரு ஜில்லா. ஆங்கிலேயர் கப்பல்களுக்கு வெட்டி வெட்டிக் காட்டுத் தேக்கு அருகிவிடவே, கலெக்டர் கனோலி தோட்டம் போட முனைந்தார். முளைக்க மறுத்த விதையை முளைக்கச் செய்தவரோ சாத்து மேனன். தோட்டத்துக்கு நிலைத்த பெயர் துரையினுடையது!

இப்பெருமரங்களை அண்ணாந்து பார்ப்பவர்கள், இவை பருப்பதற்காக இடையே வெட்டுண்ட இளமரங்களை நினைப்பதில்லை. தேக்குத் தோட்டத்தில் ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்றுகள் நடுவது வழக்கம். நாலாம் ஆண்டு தொடங்கி நாற்பதாம் ஆண்டு வரையில் பல தடவை மரங்களைக் களைந்துகொண்டே வருவார்கள். அறுபதாம் ஆண்டில் மிஞ்சுபவை சில பத்து மரங்களே.

களைந்தவற்றை அறுத்துப் பலகையாக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 அங்குலக் குறுக்களவுள்ள ஒரு கட்டைக்கு, அதே நீளமுள்ள 6 அங்குலக் கட்டைகள் பதினாறு ஈடாகும். பதினாறு தடவை வெட்டி, தூக்கி, வண்டியேற்றி, வாளுக்குக் கொடுக்க வேண்டும். கூலி எங்கே போய் நிற்கும்? தேக்கில் மதிப்பெல்லாம் வைரத்துக்குத்தான். வெளிறைச் செல் அரித்துவிடும். சுற்றிலும் ஓர் அங்குலம் வெளிறு என்று கொண்டால், பெரிய கட்டையில் நூற்றுக்கு 84 பங்கு வைரம். சிறியதில் 44 பங்கே. உருண்டையான அந்த வைரத்தைச் சதுரமாகச் செதுக்கினால், கையில் நிற்பது நூற்றுக்கு 28. வாள் தின்னும் தூளை இன்னும் கழிக்கவில்லை. உலரும்போது இளமரம் முறுக்கிக்கொள்ளும் தொல்லையும் உண்டு.

ஆகவே மிக இளைய மரங்களைக் கழியாகவே விற்றுவிடுவது நல்லது. சற்றுப் பருத்தவற்றை அறுத்துப் பிழைக்க நினைக்கும் ஆலை, காட்டின் வாயிலிலேயே இருக்க வேண்டும்; புறச்சிராயை எரித்துப் பலகையை உலர்த்த வேண்டும்; சிறு துண்டுகளைக் கோத்து ஒட்டி மேஜையாக்கவும் தெரிந்திருக்க வேண்டும். களைவதன் பெரிய லாபம் என்னவோ, நிற்கிற மரத்தில்தான் ஏறுகிறது.

பர்மா 2014-ல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. பனாமா, கோஸ்டா ரிக்கா, ஈக்வடார் தோட்டங்களில் வளர்ந்த இளந்தேக்கு, கடல் பல கடந்து நம் தேசத்துக்கு வருகிறது. வெளிறுக்கும் சேர்த்துத்தான் கப்பற்கூலி! நிலம்பூர் மரமோ முன்னாளில் தெப்பமாகச் சாலியாற்றில் மிதந்தே கோழிக்கோட்டுக் கல்லாயிச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது.